சிப்பாயாக வந்து சீமையைப் பிடித்த ஐதர் அலி
மன்னரைக் காக்க வந்த படை, மன்னரையே காவலில் வைத்த வரலாறு

1769-ம் ஆண்டு, மார்ச் மாதக் கடைசி.

சென்னைக் கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். பரங்கிமலைப் பக்கத்தில் குதிரைப்படை ஒன்று வந்து நிற்கிறது என்று செய்தி வந்தது. வந்தவர் யார்? மைசூரை ஆண்ட ஐதர் அலி!

கும்பினியின் பெரிய படை அவரைத் தேடிக்கொண்டு எங்கோ தொலைவில் இருந்தது. ஐதர் அலி ஒரு தந்திரம் செய்தார். தன் பெரும் படையையும் பீரங்கிகளையும் மலைக் கணவாய் வழியாகத் திருப்பி அனுப்பினார். பொறுக்கி எடுத்த 6 ஆயிரம் குதிரை வீரர்களை மட்டும் அழைத்துக்கொண்டார். மூன்றரை நாளில் 130 மைல் பாய்ந்து வந்து, சென்னையின் வாசலில் நின்றார்.

கோட்டையில் இருந்தவர்கள் சமாதானத்துக்கு இசைந்தார்கள். ஏப்ரல் மாதம் உடன்படிக்கை கையெழுத்து ஆயிற்று. பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுப்பது, ஒருவர் மீது எதிரி படையெடுத்தால் மற்றவர் உதவுவது என்று முடிவு செய்யப்பட்டது.

ஆங்கிலேயரையே பணிய வைத்த இந்த மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரச வம்சத்தில் பிறந்தவரும் அல்ல. சாதாரணப் படைவீரராக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

அவர் எப்படி நாட்டைப் பிடித்தார்? அதனால் நாட்டுக்குக் கிடைத்தது என்ன? பூவிருந்தவல்லியும் ஆவடியும் அம்பத்தூரும் அடங்கிய சென்னையின் மேற்குச் சீமை அதற்காகக் கொடுத்த விலை என்ன?

முரசுக்குள் அடைபட்ட சிறுவன்

கோலார் சீமையில் பூதிக்கோட்டை என்று ஓர் ஊர். 1720-ம் ஆண்டை ஒட்டி ஐதர் அலி அங்கே பிறந்தார். தந்தை பத்தே முகமது, சீரா நவாபின் படையில் ஓர் அதிகாரி. ஐதர் சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை போரில் மாண்டார்.

தந்தைக்கு மேலதிகாரியாக இருந்த குடும்பத்தில் அப்பாஸ் குலிகான் என்று ஒருவர் இருந்தார். பாக்கிப் பணம் தரவேண்டும் என்று சொல்லி, அவர் அந்த விதவைத் தாயைத் துன்புறுத்தினார். பணத்தைக் கறப்பதற்காக ஐதரையும் அண்ணன் சபாசையும் ஒரு முரசுக்குள் போட்டு, தோலை இழுத்துக் கட்டி வதைத்தார்களாம்.

இருந்ததை எல்லாம் பறிகொடுத்துவிட்டு, தாய் இரு பிள்ளைகளோடு மைசூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்.

அந்தச் சிறுவனுக்கு ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆயுதம் வைத்திருப்பவன் கேட்டால், மற்றவன் கொடுத்தே ஆகவேண்டும். வாழ்நாள் முழுவதும் அவர் மறக்காத பாடம் அது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்பாஸ் குலிகான் சென்னையில் தஞ்சம் புகுந்திருந்தார். 1769-ல் ஐதர் பரங்கிமலைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவர் நடுங்கிப்போனார். ஓர் ஓட்டைக் கப்பலில் ஏறிக் கடலுக்குள் போய்விட்டார். ஐதரின் படை திரும்பிப் போகும்வரை கரையில் கால் வைக்கவில்லை என்று சொல்வார்கள்.

மைசூரில் அப்போது ஆட்சி யாரிடம்?

மைசூருக்கு உடையார் வம்சத்து மன்னர் இருந்தார். பெயர் இம்மடி கிருஷ்ணராஜ உடையார். ஆனால் அவர் பெயருக்குத்தான் மன்னர். உண்மையான அதிகாரம் தேவராஜய்யா, நஞ்சராஜய்யா என்ற சகோதரர்களிடம் இருந்தது. தேவராஜய்யா தளவாய், அதாவது படைத் தலைவர். நஞ்சராஜய்யாவிடம் நிர்வாகம் இருந்தது.

ஆக, ஐதர் வருவதற்கு முன்பே மைசூரில் ஆட்சி மன்னரை விட்டு நழுவி, படையை வைத்திருந்தவர்கள் கைக்குப் போய்விட்டது. கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது.

1749-ம் ஆண்டில் மைசூர்ப் படை தேவனஹள்ளிக் கோட்டையை முற்றுகை இட்டது. அந்தப் போரில் ஐதரின் துணிச்சலைக் கண்டு நஞ்சராஜய்யா வியந்தார். அவருக்குச் சிறு படை ஒன்றைக் கொடுத்தார்.

அடுத்து நஞ்சராஜய்யா திருச்சிக்குப் படையோடு போனார். உதவி செய்தால் திருச்சியைத் தருகிறேன் என்று ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தார். வேலை முடிந்ததும் நவாப் கையை விரித்துவிட்டார். மூன்று ஆண்டுக் காலம் காத்துக் கிடந்தும் திருச்சி கிடைக்கவில்லை. மைசூர்க் கஜானாதான் காலியாயிற்று.

அந்தத் திருச்சிப் போரில் ஐதர் மட்டும் வளர்ந்தார். அவர் படை பெருகிற்று. வெள்ளைக்காரர்கள் எப்படி அணிவகுத்துப் போர் செய்கிறார்கள் என்பதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டார்.

திண்டுக்கல்லில் பீரங்கிப் பட்டறை

1755-ம் ஆண்டில் நஞ்சராஜய்யா ஐதரைத் திண்டுக்கல் சீமைக்குப் பவுஜ்தாராக அனுப்பினார். வரி கட்டாத பாளையக்காரர்களை அடக்குவது அவர் வேலை.

திண்டுக்கல் மலைக்கோட்டையில் இருந்துகொண்டு ஐதர் ஒரு காரியம் செய்தார். பிரெஞ்சுக்காரத் தொழிலாளிகளின் உதவியோடு ஆயுதப் பட்டறை அமைத்தார். தனக்கென்று பீரங்கிப் படையை உண்டாக்கினார். சம்பளம் கொடுத்தது மைசூர் அரசு. படை விசுவாசம் காட்டியது ஐதருக்கு!

அவருக்குக் கணக்குப்பிள்ளையாகக் கந்தேராவ் என்ற அந்தணர் அமர்ந்தார். ஐதருக்கு எழுத்துத் தெரியாது. கந்தேராவுக்கு எண்ணும் எழுத்தும் தண்ணீர்பட்ட பாடு. இருவரும் சேர்ந்து சமஸ்தானத்திடம் பணம் கறந்த வழிகள் பல.

அதில் ஒரு கதை பிரசித்தம். காயம்பட்ட வீரர்களுக்குச் சமஸ்தானம் தனிப் படி கொடுத்து வந்தது. ஒரு சண்டைக்குப் பிறகு கணக்கெடுக்க அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர்கள் சிலரே. ஆனால், அதிகாரியின் எதிரில் நூற்றுக்கணக்கானவர்கள் மஞ்சள் தோய்த்த கட்டுத் துணியோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் படி கிடைத்தது. கட்டுக்கு அடியில் காயம் இருக்கிறதா என்று யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

படைச் செலவைச் சரிபார்க்க ஆள் இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

சம்பளம் கிடைக்காத படை

மைசூரின் நிலைமை நாளுக்கு நாள் மோசம் ஆயிற்று. 1755-ல் ஐதராபாத் படை வந்து 56 லட்சம் ரூபாய் கப்பம் கேட்டது. அரண்மனை நகைகளும் கோவில் நகைகளும் எடுத்துக் கொடுக்கப்பட்டன. பின்னர் மராட்டியர்கள் வந்து கப்பம் கேட்டார்கள். போதாக்குறைக்குத் தளவாய் சகோதரர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டார்கள்.

படைக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. 1758-ல் வீரர்கள் பொறுமை இழந்தார்கள். நஞ்சராஜய்யாவின் மாளிகை வாசலில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே சாப்பாடும் தண்ணீரும் போகாமல் மறித்தார்கள்.

யாரை அழைப்பது? திண்டுக்கல்லில் இருக்கும் ஐதரை அழைத்தார்கள்.

ஐதர் வந்தார். சகோதரர்களைச் சமாதானம் செய்து வைத்தார். கந்தேராவைக் கொண்டு கணக்குகளைப் புரட்டினார். இருந்ததைத் திரட்டி வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். கலகம் அடங்கியது. பிறகு கலகத்துக்குத் தலைமை தாங்கியவர்களைப் பிடித்து, அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்தார்.

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அடுத்த ஆண்டு மராட்டியர்களையும் ஐதர் எதிர்த்து நின்றார். நாட்டைக் காத்த வீரர் என்று மன்னர் பட்டம் சூட்டினார். பெங்களூர் அவருக்கு ஜாகீராகக் கிடைத்தது. சம்பளப் பாக்கிக்கு ஈடாக ஒவ்வொரு சீமையின் வரி வருமானமும் அவர் கைக்கு மாறியது.

நஞ்சராஜய்யாவின் பிடி அரண்மனைக்குப் பிடிக்கவில்லை. ராஜமாதா, ஐதரின் உதவியோடு அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். ஐதரைத் தூக்கி வளர்த்தவர் நஞ்சராஜய்யா. அவரே ஐதரால் முதலில் வெளியேற்றப்பட்டார்.

அரண்மனைக்கு விடிவு பிறந்ததா? இல்லை. நஞ்சராஜய்யா இருந்த இடத்தில் இப்போது ஐதர் இருந்தார். அவரிடம் படையும் இருந்தது, பணமும் இருந்தது.

நள்ளிரவில் ஓட்டம்

தவறு செய்துவிட்டோம் என்பதை ராஜமாதா உணர்ந்தார். கந்தேராவும் மனம் மாறி அரண்மனைப் பக்கம் சேர்ந்தார். 1760 ஆகஸ்டு மாதம், ஐதரின் படையில் பெரும்பகுதி புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவப் போயிருந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சீரங்கப்பட்டணத்துக் கோட்டை ஐதரின் கூடாரத்தை நோக்கிக் குண்டு மாரி பொழிந்தது.

ஐதர் தப்பினார். மனைவி மக்களை விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்தார். சில குதிரை வீரர்களோடு பெங்களூர் நோக்கிப் பறந்தார். சிறுவன் டிப்பு உள்பட ஐதரின் குடும்பம் கந்தேராவின் கையில் சிக்கியது. கந்தேராவ் அவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. மரியாதையாகவே வைத்திருந்தார்.

அடுத்த ஆண்டு ஐதர், தன்னால் வீழ்த்தப்பட்ட நஞ்சராஜய்யாவிடமே போய் நின்றார். செய்த பிழையை மன்னிக்கும்படி காலில் விழுந்து வேண்டினார். மறுபடியும் அவருக்கே ஊழியம் செய்வதாகச் சொன்னார். நஞ்சராஜய்யா இளகினார். மீண்டும் நம்பினார்.

நஞ்சராஜய்யாவின் பெயரால் பொய்க் கடிதங்கள் தயாராயின. கந்தேராவின் தளபதிகள் ஏதோ சதிக்கு உடந்தை என்பதுபோல் அவை எழுதப்பட்டிருந்தன. கடிதங்கள் வேண்டுமென்றே கந்தேராவின் கையில் சிக்கும்படி அனுப்பப்பட்டன. தன் படையே தன்னைக் காட்டிக் கொடுக்கப்போகிறது என்று அஞ்சிக் கந்தேராவ் ஓடினார். அவர் படை சிதறியது.

1761-ல் ஐதர் வெற்றியோடு சீரங்கப்பட்டணம் திரும்பினார். இம்முறை அவரை அசைக்க யாரும் இல்லை.

கந்தேராவின் உயிரைக் காப்பாற்றும்படி அரண்மனைப் பெண்கள் வேண்டினார்கள். கிளியைப்போல் வளர்ப்பதாக ஐதர் வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்தார். கந்தேராவ் அந்தக் கூண்டிலேயே இறந்தார். நஞ்சராஜய்யாவும் கடைசிக் காலத்தைக் காவலில்தான் கழித்தார்.

தசராவுக்கு மட்டும் மன்னர்

ஐதர் ஒருபோதும் மன்னர் என்று முடி சூட்டிக்கொள்ளவில்லை. சிம்மாசனத்தில் உடையாரே இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை தசரா வரும். மன்னரை அலங்கரித்து மக்களுக்குக் காட்டுவார்கள். திருவிழா முடிந்ததும் அரண்மனைக் கதவு மூடிக்கொள்ளும்.

1766-ல் கிருஷ்ணராஜ உடையார் இறந்தார். அவர் மகன் நஞ்சராஜ உடையார் பட்டத்துக்கு வந்தார். மராட்டியர்களோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் எழுந்தது. 1770-ல் அந்த இளம் மன்னர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். ஐதரின் உத்தரவால் இது நடந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த மன்னரும் 1776-ல் இறந்தார். வாரிசு இல்லை. ராஜ குடும்பத்துக் குழந்தைகளை ஒரு கூடத்தில் விட்டு, பழங்கள், பட்சணங்கள், பொம்மைகள், ஆயுதங்கள் எல்லாவற்றையும் பரப்பினார்களாம். மற்றக் குழந்தைகள் பட்சணத்துக்குப் பாய, ஒரு குழந்தை மட்டும் கத்தியை எடுத்தது. அந்தக் குழந்தைதான் மன்னர் என்று ஐதர் அறிவித்தார். கத்தியை எடுத்த பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தது. கத்தி என்னவோ ஐதரிடமே இருந்தது!

ஆட்சித் திறமை

ஐதர் அலி ஆளத் தெரியாதவர் அல்ல. அவருடைய திறமையைப் பகைவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அபாரமான நினைவாற்றல். கடிதங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே, மறு பக்கம் உத்தரவு போடுவார். மதத்தைப் பார்த்துப் பதவி கொடுத்தவர் அல்ல. பூர்ணய்யா போன்ற இந்துக்கள் அவரிடம் பெரிய பொறுப்பில் இருந்தார்கள். பெங்களூரில் இன்றும் மக்கள் உலாவும் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவருடைய படையின் வாணங்கள் வெள்ளைக்காரர்களைக் கதிகலங்கச் செய்தன.

1779-ல் சென்னைக் கவர்னர், தமிழ் அறிந்த பாதிரியார் சுவார்ட்சைச் சீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பினார். சுவார்ட்சு அங்கே இரண்டு காட்சிகளைக் கண்டு எழுதி வைத்தார்.

ஒன்று, அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்க ஐதர் ஏற்பாடு செய்திருந்தது.

இன்னொன்று, கையில் சவுக்கோடு எப்போதும் தயாராக நின்ற 200 ஆட்கள். அடி விழாத நாளே இல்லை. அதிகாரிகளுக்கும் அடி, சிப்பாய்களுக்கும் அடி. நிர்வாகம் ஒழுங்காக நடந்தது. அந்த ஒழுங்கைப் பிடித்து வைத்திருந்தது சவுக்கு.

சவுக்குக்குப் பயந்தவன் உத்தரவை நிறைவேற்றுவான். உத்தரவு தவறு என்று எடுத்துச் சொல்லமாட்டான். ஐதரின் ஆட்சியில் இருந்த பெரிய ஓட்டை இதுதான். அந்த ஓட்டை 1780-ல் வெளிப்பட்டது.

எரிந்த சீமை

1769-ம் ஆண்டு உடன்படிக்கையைக் கும்பினி காப்பாற்றவில்லை. மராட்டியர்கள் மைசூரைத் தாக்கியபோது உதவிக்கு வரவில்லை. 1779-ல் மாஹி துறைமுகத்தையும் பிடித்துக்கொண்டது. தன் பாதுகாப்பில் இருந்த துறைமுகம் பறிபோனதும் ஐதர் கொதித்தார். கும்பினி மீது அவருக்கு இருந்த கோபம் நியாயமானதே.

1780 ஜூலை மாதம், ஏறத்தாழ 80 ஆயிரம், 90 ஆயிரம் பேர் கொண்ட படையோடு ஐதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார்.

கோட்டைக்குள் இருந்த கும்பினிக்கு எங்கிருந்து சாப்பாடு வரும்? சுற்றிலும் உள்ள கிராமங்களிலிருந்து. ஆகவே அந்தக் கிராமங்களை அழித்துவிடுவது என்று ஐதர் முடிவு செய்தார். சென்னையைச் சுற்றி வளையம் போட்டதுபோல் பயிர்கள் எரிந்தன. ஊர்கள் எரிந்தன. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன.

அந்தக் காலத்தில் சென்னைக்கு மேற்கே உள்ள நாடு, செங்கல்பட்டு ஜாகீர் என்று பெயர் பெற்றிருந்தது. ஆர்க்காட்டு நவாப் கும்பினிக்கு எழுதிக் கொடுத்த சீமை அது. பூவிருந்தவல்லி அதில் அடங்கியது. அம்பத்தூரும் ஆவடியும் அப்போது தொழிற்பேட்டைகள் அல்ல. ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைவித்த சிற்றூர்கள். இந்த ஜாகீர் முழுவதும் போரின் வாயில் விழுந்தது.

உழவர்கள் ஐதரையும் அழைக்கவில்லை. கும்பினியையும் அழைக்கவில்லை. இருவரில் ஒருவரும் அவர்களைக் கேட்டுப் போர் தொடங்கவில்லை.

ஆறு தடுத்த படை

கர்னல் பெய்லி என்பவர் வடக்கே குண்டூரிலிருந்து கும்பினிப் படை ஒன்றோடு வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் ஜெனரல் மன்றோவோடு அவர் சேரவேண்டும்.

ஆகஸ்டு 25-ந்தேதி பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரையை அடைந்தார். ஆறு அப்போது கடக்கும்படி இருந்தது. காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே தங்கினார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார். அந்த ஒரு வாரம் போதும் ஐதருக்கு.

செப்டம்பர் 10-ந்தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஐதரும் டிப்புவும் பெய்லியை வளைத்துக்கொண்டார்கள். கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அழிந்தது. பெய்லி சிறைபட்டார். மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கி ஓடினார்.

இந்தியாவில் அதுவரை ஆங்கிலேயர் கண்ட தோல்விகளில் இதுவே மிகப் பெரியது. சீரங்கப்பட்டணத்தில் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைச் சித்திரமாக இன்றும் காணலாம்.

சித்திரத்தில் இல்லாத காட்சி ஒன்று உண்டு. அது சென்னைத் தெருக்களில் நடந்தது.

கஞ்சித் தொட்டி

1781-ல் கும்பினித் தளபதி அயர் கூட் படையோடு புறப்பட்டார். ஜூலை மாதம் பரங்கிப்பேட்டையில் ஐதரைத் தோற்கடித்தார். ஆகஸ்டில், ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். பிறகு புள்ளலூரில் மறுபடியும் ஒரு போர். சோளிங்கரில் ஒரு போர். வெற்றி கிடைத்தாலும், படைக்குச் சோறு போட அரிசி கிடைக்காமல் கூட் திணறினார்.

படைக்கே அரிசி இல்லை என்றால் ஏழைக்கு எங்கே கிடைக்கும்?

கிராமங்களை இழந்த மக்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். பஞ்சம் தலைவிரித்து ஆடியது. தெருவோரத்திலேயே மக்கள் செத்து விழுந்தார்கள். பசியால் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். பின்னாளில் அங்கே மருத்துவமும் நடந்தது. இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்ததுதான். வட சென்னையில் வயதானவர்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தப் போர்.

போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் ஜாகீர் தலை நிமிரவில்லை. உடைந்த ஏரிகளும் ஆள் இல்லாத ஊர்களும் அப்படியே கிடந்தன. 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதைத் தன் முக்கிய வேலையாகச் செய்யவேண்டி இருந்தது.

மூடிய பல்லக்கு

ஐதரின் முதுகில் ராஜபிளவை கண்டது. நாளுக்கு நாள் நோய் முற்றியது. இந்தப் போரைத் தொடங்கியதே தவறு என்று கடைசிக் காலத்தில் அவர் பூர்ணய்யாவிடம் வருந்தியதாகக் கூறுவார்கள். பெய்லியைப்போல் பலரை முறியடித்தாலும் ஆங்கிலேயரை ஒழிக்க முடியாது, நிலத்தில் அவர்களை அழிக்கலாம், அவர்கள் வந்துபோகும் கடலை வற்ற வைக்க முடியாது என்று அவர் உணர்ந்தாராம்.

இதை முன்பே எடுத்துச் சொல்லும் தைரியம் அவரைச் சுற்றி யாருக்கு இருந்தது? சவுக்குக்கு முன்னால் யார் வாய் திறப்பார்கள்?

1782 டிசம்பர் 7-ந்தேதி, சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஐதர் அலி காலமானார்.

அந்தச் சாவைச் சொல்லவே எல்லோரும் பயந்தார்கள். மகன் டிப்பு மலையாளக் கரையில் போரில் இருந்தார். செய்தி வெளியானால் படை கலையும். ஆளுக்கு ஆள் பட்டத்துக்கு ஆசைப்படுவார்கள். பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் ஐதரின் உடலைப் பெட்டியில் வைத்து, கஜானாப் பெட்டியைப்போல் இரவில் கோலாருக்கு அனுப்பினார்கள். ஐதரின் மூடிய பல்லக்கு வழக்கம்போல் படையோடு போயிற்று. வீரர்கள் வழக்கம்போல் வணங்கினார்கள். உள்ளே யாரும் இல்லை!

ஆனாலும் ரகசியம் கசிந்தது. ஐதரின் இரண்டாவது மகனைப் பட்டத்தில் வைத்துத் தாங்களே ஆள நினைத்துச் சிலர் சதி செய்தார்கள். சதி கண்டுபிடிக்கப்பட்டு, அவர்கள் விலங்கிடப்பட்டார்கள். பிறகே டிப்பு வந்து சேர்ந்தார்.

20 ஆண்டுகள் ஆண்ட ஒருவருக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. யார் கையில் படை இருந்ததோ அவரே விடை. 1799 மே 4-ந்தேதி சீரங்கப்பட்டணத்தில் டிப்பு வீர மரணம் அடைந்தார். அத்தோடு ஐதர் கட்டிய அரசும் முடிந்தது. வென்ற கும்பினி, 5 வயது உடையார் பிள்ளை ஒருவரைச் சிம்மாசனத்தில் அமர்த்தியது. மன்னர் மீண்டும் வந்தார். ஆட்சி கும்பினியிடம் போயிற்று.

200 ஆண்டுகளுக்குப் பிறகு

1758-ல் மைசூரில் நடந்தது ஏதோ பழங்கதை அல்ல. சரியாக 200 ஆண்டு கழித்து, 1958-ல், பாகிஸ்தானில் அதே போன்ற ஒன்று நடந்தது. ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா அக்டோபர் 7-ந்தேதி அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். ராணுவத் தளபதி அயூப்கானை அழைத்து நாட்டை ஒப்படைத்தார். 20-வது நாள் அயூப்கான் அந்த மிர்சாவையே வெளியேற்றினார். மிர்சா லண்டனில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். நஞ்சராஜய்யாவுக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது.

அதே 1958-ல் பர்மாவில் பிரதமர் ஊநூ, கட்சிச் சண்டையைத் தீர்க்கத் தளபதி நீவினை அழைத்தார். நீவின் தேர்தல் நடத்திவிட்டு விலகினார். ஆனால், ஆட்சியின் ருசி தெரிந்துவிட்டது. 1962 மார்ச் 2-ந்தேதி தானாகவே வந்து ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். 1964-ல் கடைகள் எல்லாம் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள், சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக ஏற்பட்டதுதான் பர்மா பஜார்.

1780-ல் பூவிருந்தவல்லி உழவனை யாரும் கேட்கவில்லை. 1964-ல் ரங்கூன் தமிழனையும் யாரும் கேட்கவில்லை.

ஆவடியில் டாங்கி

ஆவடிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மகாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பது என்று தீர்மானம் செய்தது. பின்னர் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. விஜயந்தா டாங்கிகள் அங்கிருந்து வெளிவந்தன. அர்ஜுன் டாங்கியும் ஆவடியில் பிறந்ததுதான்.

ஐதர் திண்டுக்கல்லில் வார்த்த பீரங்கிகளைவிட அவை ஆயிரம் மடங்கு வலிமை உள்ளவை. ஆனால், அந்த டாங்கியை ஓட்டும் வீரர் ஆட்சி செய்ய நினைப்பதில்லை. படைக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை ஆண்டுதோறும் பாராளுமன்றம் முடிவு செய்கிறது. செலவைத் தணிக்கை செய்யத் தனி அதிகாரி உண்டு. மஞ்சள் கட்டை அவிழ்த்துப் பார்ப்பது அவர் கடமை. ராணுவ மந்திரி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். முப்படைகளுக்கும் ஜனாதிபதியே தலைவர். தளபதிகள் காலம் முடிந்ததும் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகிறார்கள்.

மக்களாட்சியிலும் குறைகள் உண்டு. ஊழல் உண்டு; தாமதம் உண்டு; கட்சிச் சண்டை உண்டு. 1975-ல் நெருக்கடி நிலை வந்து, மக்களின் உரிமைகள் பறிக்கப்பட்டன. அதைச் செய்தது ராணுவம் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான். ஆனால், 1977-ல் ஓட்டுப்பெட்டி அதற்குத் தீர்ப்பு வழங்கியது. ஐதரின் மைசூரில் அப்படி ஒரு பெட்டி இல்லை.

இந்தக் குறைகளைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள், ராணுவம் வந்தால்தான் நாடு உருப்படும் என்று டீக்கடையில் பேசுவது உண்டு. 1758-ல் சீரங்கப்பட்டணத்திலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். ஐதர் வந்து ஒழுங்குபடுத்தியதும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவரைத் திருப்பி அனுப்ப வழி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐதர் அலி பெரிய வீரர். வெள்ளைக்காரரை நடுங்க வைத்த வீரர். ஆனால், அவ்வளவு பெரிய வீரர் தவறு செய்தபோது, தடுக்க ஒருவரும் இல்லை. அந்தத் தவறுக்குக் கஞ்சித் தொட்டியின் எதிரில் வரிசையில் நின்று விலை கொடுத்தவர்கள், அவர் பெயரைக்கூடச் சரியாக அறியாத ஏழை உழவர்கள்.

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் இன்று பஸ்களும் லாரிகளும் ஓடுகின்றன. தேர்தல் நாளில் அந்தச் சாலையோரப் பள்ளிக்கூடங்களில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். வெயிலில் நிற்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும், கஞ்சிக்கு நின்ற வரிசையைவிட இந்த வரிசை எவ்வளவோ மேல்.